சுத்தியல் தேடப் போனவரும் ஒரு சீஆர் கொப்பியும்

(மட்டக்களப்பில் ஒரு பழங்காசுக் கண்காட்சியின் தொடக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, மாநகர முதல்வர் அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, அதிபர்மாரே, நூலகர் அம்மா அவர்களே, கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருந்து விடிய வெள்ளன பஸ் ஏறி வந்திருக்கும் அன்பர்களே, காசு சேர்க்கும் பிள்ளைகளே, பின்வரிசையில் சத்தமில்லாமல் வந்திருக்கும், நகை செய்கிற பத்தர்மாரே, எல்லோருக்கும் வணக்கம். பத்தர்மாரைக் கடைசியில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய பேச்சு முடியும்போது உங்களிடம்தான் வந்து நிற்கும்.

பேர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேடையில் இத்தனை பெரியவர்கள் இருந்தால் வணக்கம் சொல்லி முடிக்கவே கால் மணித்தியாலம் வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘டிடெக்டர் பிடித்து ஒரு ஆயுள்: பின்னோக்கிய பார்வை’. மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தைச் சத்தத்தால் காட்டிக்கொடுக்கிற கருவியை ஐம்பது அறுபது வருடம் பொழுதுபோக்காகப் பிடித்துத் திரிந்தவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் எதைக் கற்றார்கள், அதில் நமக்கு எது உதவும் என்பதுதான் விடயம். ஐந்து பகுதியாகப் பேசுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. ஒன்று, கருவி எப்படி வேலை செய்கிறது. இரண்டு, எப்படிப் பிடிப்பது. மூன்று, கடற்கரை. நான்கு, கிடைத்ததைச் சுத்தம் செய்வது. ஐந்து, சட்டம். ஐந்துக்கும் நேரம் கிடைக்குமா என்பதைத் தலைவர்தான் முடிவுசெய்வார்.

இந்த ஐந்துக்கும் சேர்த்து நம்முடைய ஆட்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். பதறாத காரியம்… ஆம், பிள்ளைகள் சரியாகச் சொல்கிறீர்கள்… சிதறாது. இனி நான் பாதி சொன்னால் மீதியை நீங்கள் சொல்ல வேண்டும்.

இந்தக் கருவியின் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1881 ஜூலை 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டார்கள். குண்டு உடம்புக்குள் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. தொலைபேசி தந்த கிரகாம் பெல் இரண்டு கம்பிச்சுருளைக் கொண்டு ஒரு கருவி செய்து வந்து தேடினார். கிடைக்கவில்லை. கட்டிலின் மெத்தைக்குள் இரும்புச் சுருள்கள் இருந்தன. வைத்தியரும் வலப்பக்கம் மட்டும்தான் தேட விட்டார். குண்டு கிடந்ததோ இடப்பக்கம். செப்டெம்பரில் ஜனாதிபதி இறந்தார். அந்தக் கட்டில் இன்றைக்கும் நம்மோடு இருக்கிறது. காலில் இரும்பு முனைச் சப்பாத்து, இடுப்பில் திறப்புக்கோர்வை, விரலில் மோதிரம் என்று போய் நின்றுகொண்டு ‘மிஷின் சும்மா கத்துது’ என்பவர்கள் எல்லோரும் அந்தக் கட்டிலில்தான் தேடுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் யோசப் கொசாக்கி என்ற போலந்துப் பொறியியலாளர், ஒரு ஆள் தனியே தூக்கி நடக்கக்கூடிய கண்ணிவெடி டிடெக்டரை 1941இல் செய்தார். 1942இல் எல் அலமைன் பாலைவனத்தில் 500 கருவிகள் போயின. மணிக்கு 100 சதுர மீற்றர் துப்புரவாக்கியவர்கள் 200 சதுர மீற்றர் ஆக்கினார்கள். போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்ட கருவிகளை மலிவாக வாங்கிய பொதுசனம்தான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் தலைமுறை. கண்ணிவெடிக்காகப் பிறந்த கருவி காசு தேடப் போனது. நம்முடைய மாகாணத்தில் கண்ணிவெடி அகற்றிய பிள்ளைகளின் கையில் கொசாக்கியின் பேரப்பிள்ளைதான் இருந்தது.

சரி, முதலாவது பகுதி. தட்டுப்போல இருக்கிற தலைக்குள் இரண்டு செம்புக் கம்பிச்சுருள். ஒன்று மின்னலையை மண்ணுக்குள் அனுப்பும், மற்றது கேட்டுக்கொண்டிருக்கும். அனுப்புகிற சுருளின் சத்தம் கேட்கிற சுருளுக்கு நேரே விழாதபடி இரண்டையும் ஒன்றுக்குமேல் ஒன்று பாதி ஏறியபடி வைத்துச் சமன்செய்திருப்பார்கள். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதன் மேற்பரப்பில் சுழல்மின்னோட்டம் எழும், அது திருப்பி ஒரு அலை விடும், சமன் குலையும், காதுக்குள் சத்தம் வரும். திரும்பி வருகிற அலை எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்து இரும்பா, ஈயத்தாளா, செம்பா, வெள்ளியா என்று கருவி ஊகிக்கும். ஊகம்தான். திரையில் விழுகிற எண்ணைத் தங்கத்தின் பிறப்புச் சான்றிதழ் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள்.

பொழுதுபோக்குக் கருவிகள் பெரும்பாலும் 5 முதல் 20 கிலோஹேர்ட்ஸ் வரையில் வேலை செய்கின்றன. குறைந்த அலைவெண் பெரிய செம்பு, வெள்ளிக்கு நல்லது. கூடியது சிறிய தங்கத்துக்கு நல்லது. உப்பீரம் இரண்டுக்கும் எதிரி. ஈரமான கடல்மணல் தானே மின்சாரம் கடத்தும். ஒற்றை அலைவெண் கருவி அங்கே ஓயாமல் பிதற்றும். பல அலைவெண்களை ஒன்றாக அனுப்பும் கருவிகளும், துடிப்பு விட்டு நிறுத்திக் கேட்கும் கருவிகளும் உப்புக்கு நின்று பிடிக்கும். துடிப்புக் கருவி ஆழம் போகும். ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்லாது.

நம்மூர்க்காரருக்கு இது புதிதில்லை. நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணி கொண்டுபோய், துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைத்து மீன்பாட்டுக் கேட்ட ஊர் இது. அங்கே துடுப்பை ஆட்டினால் பாட்டுக் கேட்காது. டிடெக்டர்காரர் ஐம்பது வருடம் கழித்துச் சொல்வதும் அதுதான்: கண்ணைத் திரையில் வைத்தவர்கள் சில மாதத்தில் கருவியை விற்றார்கள், காதை ஹெட்போனில் வைத்தவர்கள் நின்றார்கள்.

இரண்டாவது, பிடிப்பது. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். கிழடானாலும் கைப்பழக்கம் திருந்தாத இடம் இது.

முதலில் நிலச்சமன். உலோகம் இல்லாத ஒரு இடத்தில் தட்டை நிலத்திலிருந்து 3 சென்ரிமீற்றருக்கும் 20 சென்ரிமீற்றருக்கும் இடையில் மெல்ல ஏற்றி இறக்க வேண்டும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் சத்தம் ஒரே மாதிரி நிற்கும்வரை சரிசெய்ய வேண்டும். நம்முடைய கரையில் இதைச் செய்யாமல் ஒரு அடி வைக்க முடியாது. திருக்கோவில் பக்கத்துக் கருமணலில் இருக்கிற பாரமான இரும்புக் கனியங்களைக் கருவி உலோகம் என்று எண்ணும். வயல்மேட்டிலும் செம்மண்ணிலும் வேறு சமன். வெள்ளை மணலில் வைத்த சமனோடு பத்து யார் தள்ளிக் கருமணல் கோட்டில் கால் வைத்தால் திரும்பவும் சமன் வைக்க வேண்டும். சத்தம் தாங்காமல் உணர்திறனைக் கூட்டுகிறவர்கள் உண்டு. கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். குறைத்தால்தான் ஆழம் கூடும். கேட்க விசித்திரம், ஆனால் உண்மை. இரைச்சல் அடங்கினால் மெல்லிய சத்தம் கேட்கும்.

அடுத்தது வீச்சு. வேளாண்மை வெட்டுகிற கையைப் பாருங்கள். தாக்கத்தி வளைந்து போய் முடிவில் மேலெழும்பும். டிடெக்டர் பிடிக்கிற கையும் அப்படித்தான் எழும்புகிறது. வீச்சின் இரண்டு முனையிலும் தட்டு ஒரு சாண் மேலே போனால் அந்த ஒரு சாண் ஆழத்தை நீங்கள் தேடவே இல்லை. தட்டு நிலத்தோடு ஒட்டி, 2 சென்ரிமீற்றர் உயரத்தில், கடைசிவரை சமமாகப் போக வேண்டும். ஒரு மீற்றர் வீச்சுக்கு இரண்டு செக்கன் எடுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சின் பாதியை மூட வேண்டும். ஏனென்றால் தட்டின் கீழே தேடுகிற வட்டம் ஆழம் போகப் போகக் கூம்புபோல ஒடுங்கும். 11 அங்குலத் தட்டுக்கு நல்ல மண்ணில் ஒரு காசு 20, 25 சென்ரிமீற்றரில் கேட்கும். கருமணலில் பாதிகூடக் கிடைக்காது. கயிறு கட்டி ஒரு மீற்றர் ஓடை ஓடையாகப் போங்கள். முடிந்ததும் அதே இடத்தைக் குறுக்காகப் போங்கள். ஒரு நாளில் முழுக் கடற்கரையும் நடந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவது கால்வலி. பதறாத காரியம்… நன்றி.

(ஐயா வாங்க, வாங்க. மேலதிக அரசாங்க அதிபர் அவர்கள் வேலைப்பளுவுக்குள்ளும் வந்திருக்கிறார்கள். இஞ்ச முன்னுக்கு இருங்க ஐயா. தம்பி, ஐயாவுக்கு அந்தப் பெரிய கதிரையைப் போடுங்க. ஐயா அவர்கள் வருவது தொடக்கவிழாவுக்கு ஒரு கௌரவம். நூலகங்களுக்கு அவர் தருகிற ஆதரவு எல்லோரும் அறிந்தது. அதைப் பற்றிப் பின்னுக்குப் பேச வேண்டிய தேவையும் இருக்கிறது.)

எதில் நின்றோம்? சத்தம். நல்ல காசு எந்தப் பக்கத்திலிருந்து வீசினாலும் ஒரே சத்தம் தரும். கறள் பிடித்த ஆணி ஒரு பக்கத்தில் காசுபோலப் பாடும். நீங்கள் 90 பாகை திரும்பி நின்று வீசினால் உடைந்துபோகும். சோடா மூடி பெரிய ஏமாற்றுக்காரன். அதன் மேலிருந்து தட்டை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். விளிம்பில் இரும்பின் முனகல் கேட்டால் விட்டுவிடலாம். வீச்சு வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டு நம்முடைய வாவிக்கரை முழுக்கக் கிடக்கிறது. அது நல்ல சத்தம் தரும், தவிர்க்கவே முடியாது. எடுத்துப் பையில் போட வேண்டியதுதான். ஈயத்தை வாவியிலிருந்து வெளியே எடுப்பதும் ஒரு நல்ல காரியம்.

பெண்கள் பக்கத்திலிருந்து எப்போதும் வருகிற கேள்வி ஒன்று உண்டு. பாசிக்குடாவில் குளிக்கும்போது கொடி அறுந்து போயிற்று, கருவி எடுத்துத் தராதா? பதில் மனதுக்குக் கஷ்டமானது. 11 பவுண் தாலிக்கொடி கருவியின் காதுக்கு ஒரு தனி வளையமாகத்தான் கேட்கும். சுழல்மின்னோட்டம் ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு ஒழுங்காகப் பாயாது. ஆகவே நூறு வளையம் இருந்தாலும் நூறு பொடிச் சத்தம். தாலியும் பூட்டும்தான் கொஞ்சம் பேசும். அறுந்த தோடும் அப்படித்தான்: முழு வளையம் உரத்துச் சொல்லும், வெட்டுண்ட வளையம் முணுமுணுக்கும். மோதிரம் தொலைத்தவருக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் மெல்லிய தங்க மோதிரமும் சொக்கலேற் சுற்றிய ஈயத்தாளும் கருவிக்கு ஒரே இடத்தில்தான் எண் காட்டும். ஈயத்தாளைக் கேட்கச் சகிக்காமல் அந்த எண்ணை அடைத்தவர் மோதிரத்தையும் அடைத்துவிட்டார்.

இடத்தைக் குறிப்பது: தென்வடலாக ஒரு வீச்சு, கிழக்கு மேற்காக ஒரு வீச்சு, இரண்டிலும் சத்தம் உச்சமாகிற கோடுகள் வெட்டுகிற புள்ளி. அனுமதி பெற்ற புல்வெளி என்றால் குதிரை லாடம்போல மூன்று பக்கம் வெட்டி, நாலாவது பக்கத்தை வேர் அறாமல் விட்டுப் புரட்ட வேண்டும். மண்ணைச் சாக்கில் போட்டு, பிறகு திருப்பிக் கொட்டி, காலால் மிதித்து மூட வேண்டும். ஆணியைக் கண்டால் அதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும், கிடங்கில் விட்டுவிட்டு வரக் கூடாது.

இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. ‘6 மீற்றர் ஆழத்தில் தங்கம்’, ‘அரை மைல் தூரத்திலிருந்தே திசை காட்டும்’ என்று அன்டெனாக் கம்பி நீட்டிய ஒரு சாமானை இலட்சக்கணக்கில் விற்கிறார்கள். பிரித்தானியாவில் ஜேம்ஸ் மக்கோர்மிக் என்பவர், கோல்ஃப் பந்து தேடும் என்று விற்ற ஒரு வெற்றுப் பொம்மையைக் கொஞ்சம் மாற்றி, வெடிகுண்டு தேடும் கருவி என்று ஈராக்குக்கு விற்றார். உள்ளே வேலை செய்கிற ஒன்றுமே இல்லை. சோதனைச் சாவடிகளில் அதை நம்பிச் செத்தவர்கள் உண்டு. 2013இல் அவருக்கு 10 வருடச் சிறை. கம்பி திரும்புவது பிடிக்கிறவரின் மணிக்கட்டால். இதை வாங்கக் காணி ஈடு வைக்கிறவர்களை யாராவது தடுத்து நிறுத்துங்கள்.

இப்போது அந்தச் சுத்தியல் கதை. தலைவர் கொஞ்சம் பொறுக்க வேண்டும், இது நீளும்.

1992ஆம் ஆண்டு, நவெம்பர் 16. இங்கிலாந்தில் சஃபொல்க் மாவட்டத்தில் ஹொக்ஸன் என்ற சின்னக் கிராமம். பீற்றர் வாட்லிங் என்ற குத்தகைக்காரக் கமக்காரர், தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். நம்மூரில் என்ன செய்வோம்? பொடியனைப் பேசுவோம், பிறகு புதுச் சுத்தியல் வாங்குவோம். அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். எரிக் லோஸ் என்று பெயர், தோட்டவேலையில் ஓய்வுபெற்றவர். ஓய்வுபெறும்போது அவருக்குக் கிடைத்த பரிசு ஒரு டிடெக்டர். ‘எரிக், என்ர சுத்தியலை ஒருக்காப் பார்த்துத் தா’ என்றார் வாட்லிங்.

லோஸ் வீசிக்கொண்டு போனார். சத்தம் வந்தது. தோண்டினார். சுத்தியல் இல்லை. வெள்ளிக் கரண்டி! இன்னும் கொஞ்சம். தங்கக் காசு! இன்னும் கொஞ்சம். காசு, காசு, காசு. இரண்டு கடைப்பை நிரம்பிவிட்டது. இப்போது உங்களைக் கேட்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் நின்றால்? சிரிக்காதீர்கள். கையை உயர்த்துங்கள் பார்ப்போம், யார் யார் விடியும்வரை தோண்டியிருப்பீர்கள்? பத்தர் ஐயாமார் ஒருவரும் கை தூக்கவில்லை. கணக்கில் பிழை இருக்கிறது.

லோஸ் தோண்டுவதை நிறுத்தினார். அந்த ஒரு கணத்துக்குத்தான் இந்தக் கதையை இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன். கிடங்குக்குள் இன்னும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது, மனிசன் எழும்பிப் போய்ப் பொலிசுக்கும் காணிக்குச் சொந்தக்கார மாவட்ட சபைக்கும் அறிவித்துவிட்டார். அடுத்த நாளே தொல்லியலாளர்கள் வந்தார்கள், சத்தம் போடாமல், ஊருக்குத் தெரியாமல். மிச்சத்தை மண்ணோடு சேர்த்துக் கட்டி கட்டியாக வெட்டித் தூக்கிப் போய், ஆய்வுகூடத்தில் வைத்துப் பிரித்தார்கள். மொத்தம் 14,865 உரோமக் காசு. அதற்கு மேல் ஏறத்தாழ 200 தங்க, வெள்ளிச் சாமான்.

அதைவிடப் பெரிய சங்கதி கேளுங்கள். மண்ணோடு எடுத்ததால் உக்கிப்போன மரப்பெட்டியின் அளவு தெரிந்தது: ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 30 உயரம். உள்ளே சின்னப் பெட்டிகள் இருந்தன, அவற்றுக்கு விரல்நகம்போல வெள்ளிப் பூட்டுகள். கிண்ணங்கள் அடிபடாமல் நடுவே வைக்கோல். நம்முடைய வீட்டில் பீங்கான் கோப்பையைப் பெட்டியில் அடுக்குகிற அம்மாவின் கை தெரிகிறதா இல்லையா? ஒரு வளையலில் எழுத்து: ‘யூலியானே அம்மா, மகிழ்ந்து அணிவாயாக’ என்ற பொருளில். ஆயிரத்து அறுநூறு வருடம் கழித்தும் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது. பதறித் தோண்டியிருந்தால் வளையல் கிடைத்திருக்கும், பெட்டி கிடைத்திராது, வைக்கோல் கிடைத்திராது.

இன்னும் இருக்கிறது. வெள்ளியில் நாலு மிளகுச் சாடி. ஒன்று ஒரு சீமாட்டியின் வடிவம். அடியில் திருப்பினால் மிளகுத்தூள் கொட்டும். மிளகு இங்கிலாந்தில் காய்க்குமா? அது நம்முடைய கடல் பக்கத்துச் சரக்கு. தென்னிந்தியாவின் மேற்குக்கரைத் துறைகளில் ஏறி, செங்கடல் கடந்து, உரோமத்துக்குப் போன சரக்கு. அங்கே மிளகு இறங்கியது, இங்கே காசு இறங்கியது. அந்தத் தேய்ந்த சின்ன உரோமச் செம்புக்காசு இலங்கையில் எத்தனை இடத்தில் கிடைத்திருக்கிறது! அதில் ஒன்றை இன்றைக்கு இந்த மேசையில் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

லோசுக்கு 17 இலட்சத்து 50 ஆயிரம் ஸ்டேர்லிங் பவுண் வெகுமதி கிடைத்தது; அதைக் கமக்காரரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியல்? அதுவும் பிறகு அகப்பட்டது. இன்றைக்கு பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. நாலு மிளகுச் சாடிக்கும் கிடைத்த மரியாதை ஒரு சுத்தியலுக்கும் கிடைத்திருக்கிறது. பதறாத காரியம்… பின்வரிசைக்கும் கேட்க வேண்டும்… சிதறாது.

அதே நாட்டில் பதறிய காரியமும் உண்டு. 1980களில் சரே மாவட்டம் வொன்பரோவில் ஒரு பழைய உரோமக் கோயில் நிலம். இடம் வெளியில் கசிந்ததும் இரவிரவாக ஆட்கள் டிடெக்டரோடு இறங்கிக் குழி குழியாகத் தோண்டினார்கள். எத்தனை காசு போனதென்று கணக்கே இல்லை. அந்தக் கோபத்தில் பிறந்த இயக்கம்தான் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்கு வழிவிட்டது. 1997இல் அதோடு சேர்த்து, சட்டப்படி புதையல் ஆகாத சில்லறைச் சாமானையும் மனமுவந்து பதிவதற்கு ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஊர் ஊராக ஒரு பதிவு அலுவலர். பொத்தான், ஊசி, ஈயமுத்திரை, தேய்ந்த காசு எதைக் கொண்டுபோனாலும் படமெடுத்து, அளந்து, இடம் குறித்துத் திருப்பித் தருவார். இதுவரை 15 இலட்சத்துக்கு மேல் பதிவாகிவிட்டது. ஆயுள் முழுக்க டிடெக்டர் பிடித்தவர்களிடம் எதில் பெருமை என்று கேட்டால், பெட்டியில் இருப்பதைவிடப் பதிவில் இருப்பதைத்தான் சொல்கிறார்கள்.

நம்முடைய சட்டம் வேறு. அங்கே பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் இல்லையென்றால், தேடுவதற்குக் காணிக்காரர் சம்மதித்தால் போதும். இங்கே அப்படி இல்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடித் தோண்டுவதற்குத் தொல்லியல் திணைக்களத்தின் உத்தரவுப்பத்திரம் வேண்டும். உங்கள் சொந்தக் காணியானாலும் வேண்டும். 1815 மார்ச் 2க்கு முந்தியது தொல்பொருள்; உரிமையாளர் இல்லாமல் மண்ணில் கிடந்தது அரசுடையது; கண்டால் அறிவிக்க வேண்டும். ‘ஸ்கேனருடன் கைது’ என்று பத்திரிகையில் வருவதெல்லாம் இதுதான். சேவல் அறுத்துப் பூசை போட்டுக் கோயில் மூலையைத் தோண்டுகிற கூட்டத்துக்கும் இன்றைய பேச்சுக்கும் சம்பந்தம் இல்லை. கருவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர எண்ணுகிற பிள்ளைகள், வாங்க முன்னமே எழுத்தில் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணிவெடியோ ஷெல்லோ என்று சந்தேகம் வந்தால் தொடக் கூடாது, மண்ணைத் தட்டக் கூடாது, வந்த காலடியிலேயே திரும்பி வந்து 119க்குச் சொல்ல வேண்டும். சில மிதிவெடிகளில் இருக்கிற உலோகம் ஊசிமுனை அளவு. ஆகவேதான் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் எந்தச் சத்தத்தையும் குப்பை என்று ஒதுக்குவதில்லை.

அப்படியானால் டிடெக்டர் இல்லாத ஊரில் இந்தப் பேச்சு எதற்கு? மண் டிடெக்டருக்காகக் காத்திருக்கவில்லை, அதுதான் காரணம். லேண்ட்மாஸ்டர் வயலைப் புரட்டுகிறது. கிணறு வெட்டுகிறார்கள். ஆற்றுமண் ஏற்றுகிறார்கள். செங்கல்லுக்குக் களி வெட்டுகிறார்கள். மாரிக்கடல் கரையைக் கடித்துக்கொண்டு போகிறது. காசு தானாக வெளியே வருகிறது. வந்த காசு எங்கே போகிறது? பழைய இரும்பு, பித்தளை வாங்குகிற சைக்கிள்காரரிடம். அங்கேயிருந்து உருக்குக் கலத்துக்கு. ஒல்லாந்தக் கம்பனியின் வீஓசி முத்திரை போட்ட துட்டு, 21 மில்லிமீற்றர் அகலம், 3 கிராமுக்கு மேல் செம்பு. பழஞ்செம்பு விலையில் அதற்கு என்ன கிடைக்கும்? ஒரு பிளேன்ரீ கிடைக்காது. 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை நூறு யார் தள்ளி நிற்கிறது. அந்தக் கோட்டைக்குச் சாமான் விற்ற ஊர்களின் துட்டு உருகிக்கொண்டிருக்கிறது. இராசராசன் காசும் அப்படியே, பொலநறுவைக் காலத்துச் செம்புக் காசும் அப்படியே, 1815ஆம் ஆண்டின் யானைத் துட்டும் அப்படியே.

ஆகவே கேட்கிற காரியம் இது, மேலதிக அரசாங்க அதிபர் ஐயா அவர்கள் முன்னால் கேட்கிறோம்: மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் ஒவ்வொரு பொது நூலகத்திலும் ஒரு கண்டெடுப்புக் கொப்பி. பெரிய செலவில்லை. 120 பக்கச் சீஆர் கொப்பி ஒன்று, நூல் கட்டிய பேனா ஒன்று, அடிமட்டம் ஒன்று. கட்டடம் வேண்டாம், திறப்புவிழா வேண்டாம், நாடா வெட்டவும் வேண்டாம்.

என்ன எழுதுவது? கண்ட திகதி. இடம்: கிராம சேவகர் பிரிவு, வயலென்றால் வட்டையின் பெயர், வயற்கண்டத்தின் பெயர், தெரிந்தால் கைபேசி காட்டுகிற ஆள்கூறு. எவ்வளவு ஆழம், சாணில் எழுதினாலும் பரவாயில்லை. பக்கத்தில் என்ன கிடந்தது: ஓட்டுத்துண்டா, செங்கலா, சாம்பலா, சங்கா. இந்தப் பத்தியைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள், ஆனால் வைக்கோல் இருக்கிற பத்தி இதுதான். அகலம் மில்லிமீற்றரில். நிறை கிராமில், இரண்டு தசமம். பிறகு படம்: இரண்டு பக்கமும், அடிமட்டம் பக்கத்தில், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சரிவாக விழும்படி. நேர் மேலே பிளாஷ் அடித்தால் எழுத்துத் தெரியாது. காலை எட்டுமணி வெயிலில் யன்னலடியில் வைத்து எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுத்தும். கொப்பியில் எழுதியதும் திணைக்களத்துக்கு அறிவிக்கிற கடமை தீர்ந்துவிடாது. நூலகரே அந்தக் கடிதத்தை எழுத உதவலாம். ஆட்களுக்குப் பயம் பொலிஸ். நூலகத்துக்குப் பயமில்லாமல் வருவார்கள்.

நிறை என்றதும் பத்தர்மாரிடம் வந்துவிட்டோம். இந்த மாவட்டத்தில் ஒரு கிராமின் நூறில் ஒரு பங்கைச் சரியாக நிறுக்கக்கூடிய தராசு உங்கள் பட்டறையில்தான் இருக்கிறது. எதையாவது உருக்க முன்னர் ஒரு நிறை, இரண்டு படம். அதற்குமேல் உங்களிடம் கேட்பது, உருக்க வேண்டாம்.

சுத்தம் செய்வது பற்றி நாலாவதாகச் சொல்வதாக இருந்தது. தலைவர் துண்டுக் கடதாசி அனுப்பிவிட்டார். ஒன்றைமட்டும் சொல்கிறேன். குத்துவிளக்குக்குப் புளி போடுகிற கை பழங்காசுக்கும் புளி போடுகிறது, தேசிக்காய் போடுகிறது, சாம்பல் போட்டுத் தேய்க்கிறது. பச்சைக் களிம்பில்தான் எழுத்து நிற்கிறது. புளி அந்தக் களிம்பைத் தின்றால் எழுத்தும் போய்விடும். வடித்த நீரில் ஊறவிடுங்கள், நீரை மாற்றிக்கொண்டு, வாரக்கணக்கில். மூங்கில் குச்சியால் மண்ணைத் தள்ளுங்கள். வெளிறிய பச்சைத் தூள் பூத்தால் அது உப்பின் நோய். அந்தக் காசைத் தனியே பிரித்து, காற்றுப்புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணியோடு வையுங்கள். நம்முடைய உப்புக் காற்றில் அது வேகமாகத் தின்னும். மணக்கிற மெத்தென்ற பிளாஸ்ரிக் உறையில் வைக்க வேண்டாம். அது தானே கசிந்து காசில் பச்சைப் பசை ஒட்டும். கடலிலிருந்து எடுத்த இரும்பை வெயிலில் காயவைத்தால் இதழ் இதழாகக் கழரும். தண்ணீரிலேயே வைத்துத் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது கடற்கரை. அது விடுபட்டுப் போயிற்று. மாரிக்கடல் அரித்த பின்னர், கரை வெட்டுண்ட அடியில் கறுப்புக் கோடாகப் பாரச் சரக்கு தங்கும் என்பதைமட்டும் நினைவில் வையுங்கள். அந்தக் கோட்டில் கிடக்கிற காசு கண்ணுக்கே தெரியும், கருவி வேண்டாம்.

வாசலடி மேசையில் முதலாவது கொப்பி இருக்கிறது. பத்திகளைப் பிள்ளைகள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுவிட்டார்கள். ஒரு பத்தர் ஐயா தன் தராசைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார், பற்றரி போட்டாயிற்று. வீட்டிலிருந்து காசு கொண்டுவந்தவர்கள் தேநீருக்கு முன்னம் வரிசையில் நில்லுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாதவர்கள் அம்மப்பாவுக்குக் கோல் எடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள், வரிசையில் இடம் பிடித்து வைக்கிறோம். நன்றி, வணக்கம்.